களியும் தொடுகறியும்

“இரவுக்கு என்ன செய்வது?” என்னும் வினா தமிழ்நாட்டு இல்லங்களில் அந்திதோறும் எழுவதொன்றாம். வினா சிறிது. ஆயினும் அதனை எதிர்கொள்பவர் பெரும்பாலும் ஒருவரே. அன்றைய உழைப்பினால் வீட்டில் மிகக் களைத்திருப்பவரும் அவரே. பண்டிகைக்கும் விருந்துக்கும் உரிய பாகங்களை விரித்துரைக்கும் நூல்கள் பலவுள; கைப்பேசியில் காணும் சமையற் காட்சிகளுக்கோ அளவேயில்லை. வேலை முடிந்து வந்த கையோடு அடுப்பை மூட்டி, உண்பாரும் சலிப்புறாமல், ஆக்குவாரும் இளைத்து வீழாமல், வாரத்தின் ஆறு இரவுகளைக் கடத்தும் வழியைக் கூறுவார்தாம் அரியர். அவ்வழியை யாம் எமது ஊராகிய காரிமங்கலத்திலே, எமது இல்லத்து அடுக்களையிலே, சென்ற கோடை விடுமுறையிற் கண்டோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்வோர் களியைப்பற்றிக் கட்டுரை வரைவதா என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைத்தவர் எவரும் களியுண்ணாத ஊரினர் ஆதலின் அவரைப் பொறுத்துக்கொண்டோம்.

காரிமங்கலம் தருமபுரியினின்று கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. குன்றின்மீது அருணேஸ்வரர் கோயிலும், செவ்வாய்தோறும் கூடும் சந்தையும் ஊருக்கு அடையாளங்கள். சுற்றிலும் செம்மண் புன்செய். ஏரி நிரம்பிய ஆண்டிலன்றி நெல்லைக் கருதுதற்கில்லாத நிலம் இதிற் பெரும்பங்கு. ஆகவே எம் பாட்டியாரின் இளமையில் நெற்சோறு என்பது பண்டிகைக்கும், நோயாளிக்கும், விருந்தினருக்கும் உரியதாயிருந்தது. ஏனைய இரவெல்லாம் களி. திங்களும் களி, செவ்வாயும் களி, சனியும் களியே.

களி கிண்டுதலைக் கண்டறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். உலைநீரில் ஒருபிடி நொய்யரிசி இட்டுக் கொதிக்கவிட வேண்டும். நொய் வெந்து குழைந்தபின் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவே துடுப்பின் காம்பினால் ஒரு துளை செய்து, மூடிவிட வேண்டும். நீர் அத்துளையின் வழியே பொங்கி மாவின்மீது வழிந்து அதனை வேகச் செய்யும். இந்நிலையிற் பொறுமையிழந்து கிண்டுவார்க்குக் கட்டி தட்டிய களியே கிட்டும். மாவின் பச்சை மணம் நீங்கியபின் பானையைக் கால்களுக்கிடையே அசையாது நிறுத்தித் துடுப்பினாற் கிண்டுதல் வேண்டும். இது மெல்லியலார் கைவேலை என்பார் ஒருமுறை செய்து பார்ப்பாராக. தோள் இரண்டும் மறுநாள் விடை கூறும். பின்பு நீர் தொட்ட கையால் உருட்டித் தட்டில் இட்டுக் குழம்பை ஊற்ற வேண்டும். களியை மென்று தின்பது வழக்கமன்று. துண்டு துண்டாகக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதே முறை. உலை வைத்தது முதல் உருட்டுவது வரை அரைமணி நேரத்திற்கு மிகாது. முதல் நாளே ஊறவைத்தல், ஆட்டுதல், புளிக்கவைத்தல் என்பன ஒன்றும் இதற்கில்லை.

“நாள்தோறும் களி தின்று உங்களுக்கு வெறுக்கவில்லையா, ஆயா?” என்று எம் தம்பி ஒருநாள் பாட்டியாரை வினவினான். அவர், “தினமும் ஒன்றையா தின்றோம்? நேற்று கொள்ளு, இன்று கீரை, நாளை அவரைக்கொட்டை” என்றார். அவர் கணக்கிற் களி எண்ணப்படவேயில்லை. தட்டிலே களி இருத்தல், தட்டிலே தட்டு இருத்தல்போல அவருக்கு இயல்பான செய்தி. உணவென்று அவர் பெயரிட்டழைத்தது களியொடு வந்ததனையே.

வந்தவற்றை அவர் வாயிலாகக் கேட்டு எழுதிவைத்துள்ளோம். மழை பெய்த சின்னாட்களில் கொல்லையில் தாமே முளைக்கும் பண்ணைக்கீரையும் குமிட்டிக்கீரையும் பறித்து, பச்சைமிளகாயும் பூண்டும் சேர்த்து மத்தினாற் கடைந்த கடைசல். மார்கழி தை மாதங்களில் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு; கொட்டையைப் பிதுக்கி மேற்றோலை நீக்கிச் செய்தால் அதற்குச் சுவை வேறு. மழையில்லாக் காலத்தில் கொள்ளுச் சாறு, துவரைச் சாறு, காய்ந்த மொச்சைக் குழம்பு. ஒன்றும் இல்லாத நாளில் புளியும் மிளகாயும் உப்பும் வைத்தரைத்த துவையல். சந்தை நாளிற் கருவாடு. உறவினர் வந்தால் கோழி. கேழ்வரகு விதைக்கும் நிலத்திலேயே, சில சாலுக்கு ஒரு சாலாக அவரையும் துவரையும் இடையிடையே விதைப்பது எங்கள் பக்கத்து உழவர் வழக்கம். கதிர் அறுத்தபின்னும் அவரைக்கொடி நின்று காய்க்கும். நிலமே களியையும் அதற்குத் தொடுகறியையும் சேர்த்து அனுப்பியது என்க. இல்லாள் செய்ய வேண்டியிருந்தது, அன்றைக்கு நிலம் தந்ததனைப் பானையில் இடுதல் ஒன்றே. என்ன செய்வது என்னும் வினா அவரைப் பெரிதும் வருத்தியிராது.

புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் என்னும் புலவர் உணவென்று நான்கினை எண்ணுகின்றார். அவை வரகு, தினை, கொள்ளு, அவரை. இப்பாட்டை வகுப்பிற் பயின்றபொழுது, பூவும் குடியும் உணவும் நந்நான்காக வரும் அதன் அமைப்பையே கருதினோம். பாட்டியாரின் பட்டியலை எழுதியபின்னரே, அந்நான்கில் இரண்டு தானியம், இரண்டு அதனொடு தொட்டுக்கொள்வது என்பது எமக்குத் தோன்றிற்று. தானியத்திற்குச் சரியாகத் தொடுகறியையும் புலவர் எண்ணியிருக்கின்றார். கேழ்வரகு அப்பட்டியலில் இல்லை. அது ஆப்பிரிக்காவின் கீழ்த்திசை மேட்டுநிலங்களினின்று வந்த பயிர் என்பர் ஆராய்ச்சியாளர்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்றனையும் கூறாது விட எம்மால் இயலவில்லை. தொட்டுக்கொள்ளும் கறியை நாட்டுப்புறத்தார் வெஞ்சனம் என்பர். இது வியஞ்சனம் என்னும் வடசொல்லின் திரிபு. அச்சொல்லுக்கு வடமொழியிற் கறி என்பதோடு மெய்யெழுத்து என்றும் பொருளுண்டு. அகரம் ஒன்றே, அதனொடு பதினெட்டு மெய்களும் மாறி மாறிக் கூடினால், க, ச, ட எனப் பதினெட்டு ஓசைகள் பிறக்கின்றன. அகரத்தை மாற்ற வேண்டுவதில்லை. களியாகிய அகரத்தின்மேல் எம் பாட்டியார் காலத்து மகளிர் இவ்வாறே நாள்தோறும் புதிய எழுத்தொன்றை எழுதிவந்தனர்.

இனி, இந்நிலை மாறிய வரலாற்றிற்கு வருவோம். நியாயவிலைக் கடை அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாயாயிற்று. 2008-இல் 1 ரூபாயாயிற்று. 2011 ஜூன் முதல் விலையின்றியே வழங்கப்பட்டது. இதனால் எத்தனையோ வீடுகளிற் பசி நீங்கிற்று என்பதை மறப்பவர் நன்றியில்லாதவர். பஞ்சத்தை அறிந்த எம் பாட்டியாரே அரிசிப்பையைக் கண்டால் கைகூப்புவார். ஆயினும், களி இரவுத்தட்டினின்று இறங்கியபோது தனியே இறங்கவில்லை. கேழ்வரகு விதையாத கொல்லையில் அவரைச் சாலும் இல்லை. களையெடுக்கும்போது பறிக்கும் கீரையும் இல்லை. புன்செய்களிற் பல தக்காளிக்கும், மாவுக்கும், தென்னைக்கும் மாறின. இவை காசு தரும் பயிர்கள்; குறை கூறுதற்கில்லை. ஆனால் இரவுணவிலே தோசையென்றும், இட்டலியென்றும், ஊத்தப்பமென்றும், சோறென்றும் பெயர்கள் பெருகின. அவற்றோடு வருவது பெரும்பாலும் தக்காளிச் சட்டினியாகவே நின்றுவிட்டது. முன்னர்த் தானியம் ஒன்று, வெஞ்சனம் பல. இப்பொழுது தானியத்தின் வடிவம் பல, வெஞ்சனம் ஒன்று.

விடுதியில் உறைந்த அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. விடுதியொன்றின் சுவரில், கிழமைதோறும் மாறும் சிற்றுண்டியின் பெயர்ப்பட்டியல் அழகிய எழுத்தில் தொங்குவதை அறிவோம். ஏழு நாளும் ஏழு பெயர். சாம்பாரோ ஞாயிற்றுக்கிழமை முதல் சனிக்கிழமை வரை தன்னிலை திரியாதது.

எம் இல்லத்துச் செய்தியைக் கூறுவோம். எம் அன்னையார் மாங்காய்ப் பருவத்தில், மாம்பழக் கூழ் செய்யும் ஆலையொன்றிற்கு வேலைக்குச் செல்வார். காலை எட்டு மணிக்குச் சென்றால் மாலை ஏழுக்கு முன் திரும்புவதில்லை. நாள்முழுதும் நின்றவாறே பழம் தெரிந்தெடுக்கும் வேலை. தேங்காய் மண்டியிற் கணக்கெழுதும் தந்தையாருக்கு இரவில் சோறின்றி உண்டது போலாகாது. பாட்டியாருக்குக் களியன்றி மற்றது வயிற்றில் நில்லாது. பன்னிரண்டு அகவையுடைய தம்பிக்குக் களி என்ற சொல்லே கசப்பு. தோசை இல்லையெனில் நெடுஞ்சாலையோரத்துக் கடையிற் புரோட்டா வாங்கக் காசு கேட்டு நிற்பான். அன்னையாரோ எவரையும் வருந்தவிடார். ஆதலின் ஓரிரவில் மூன்று இரவுணவு ஆக்கினார். பாட்டியாருக்குச் சிறு உருண்டைக் களி, தந்தையாருக்குச் சோறும் சாறும், தம்பிக்குத் தோசையும் சட்டினியும். உண்பாரும் அவரவர் உணவு ஆகும் நேரத்தில் தனித்தனியே உண்டனர். முன்பு எட்டு மணிக்கு எல்லாரும் ஒருங்கே அமர்ந்து செய்த குடும்ப ஜெபம், ஒருவர் உண்ண, ஒருவர் காத்திருக்க, ஒருவர் அடுப்படியில் நிற்க, எப்பொழுது நடக்கும் என்றறியாத நிலையை அடைந்தது.

வீட்டில் உணவு பலவகைப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. மே மாதத்தின் ஓரிரவில், தம்பிக்குக் கடைசித் தோசையை இட்டுவிட்டுச் சுவரிற் சாய்ந்த அன்னையார் அவ்வாறே உறங்கிப்போனார். தோசைக்கல்லின் கீழ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் ஒருவர்தாம் அன்று உண்ணவில்லை. பாட்டியார் எழுந்துவந்து அடுப்பை அணைத்து, தம் சேலைத்தலைப்பை அவர் காலின்மேற் போர்த்திவிட்டு, எங்களை நோக்கி ஒன்றும் பேசாமற் சென்றார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்போம்.

அவ்வாரத்தில் ஜெப வேளைக்கு எண்ணாகமம் முறையாக வாசிக்கப்பட்டு வந்தது. 11-ஆம் அதிகாரம் எமது முறை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் மன்னாவைக் குறித்து முறுமுறுத்த வரலாற்றைக் கேளாத கிறிஸ்தவப் பிள்ளை இரான். நன்றிகெட்ட மக்கள் என்று ஞாயிறு பள்ளியிற் கற்றோம். அன்று வாசித்தபொழுது வேறிரண்டு செய்திகள் கண்ணிற் பட்டன. மன்னாவை அவர்கள் ஒரே வடிவில் உண்ணவில்லை; இயந்திரத்தில் அரைத்தும், உரலில் இடித்தும், சட்டியிற் சமைத்தும், அப்பமாகச் சுட்டும் பார்த்தனர். அப்படியும் சலிப்புத் தீரவில்லை. எகிப்தை நினைத்து அவர்கள் ஏங்கிய பொருள்களோ மீன், வெள்ளரி, கொம்மட்டி, கீரை, வெங்காயம், பூண்டு என்பன. இவற்றுள் தானியம் ஒன்றேனும் உண்டா? எல்லாம் தொட்டுக்கொள்வன. அவர்களுக்கு வனாந்தரத்திற் குறைந்தது வெஞ்சனமே போலும்! இவ்விளக்கத்தை எங்கள் போதகர் ஏற்பாரோ, அறியோம். பாட்டியார் உடனே ஏற்றுக்கொண்டார். “அதைத்தானே நானும் சொன்னேன்” என்றார்.

அவ்விரவே ஓர் ஏற்பாடு பிறந்தது. தானியம் எதுவாயினும் ஆகுக. குழம்பு வீட்டிற்கு ஒன்றே, அது நாள்தோறும் மாறுவது. வாரத்தில் மூன்றிரவு களி, ஏனைய இரவு சோறு. களி நாளிலும் தந்தையார் விரும்பினால் மதியத்துச் சோற்றை அதே குழம்பில் உண்ணலாம். சோற்று நாளிற் பாட்டியாருக்குக் காலையிற் கிண்டிய களி உண்டு. தோசை சனிக்கிழமைக்கு ஒதுக்கப்பட்டது. களி கிண்டுதல், தோளும் கையும் உடைய எமது வேலை. குழம்பு இன்னதென்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுதும் தம்பிக்கு. செவ்வாய்ச் சந்தைக்கு 150 ரூபாயோடு அவனை அனுப்புவது. அவன் வாங்கிவருவதே அவ்வார வெஞ்சனம்.

இக்கடைசி ஏற்பாடு தந்தையாரின் சூழ்ச்சி. தான் தேர்ந்ததைத் தானே வேண்டாம் என்று சொல்ல எந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாலும் இயலாது. முதற் செவ்வாய் அவன் முட்டையும் உருளைக்கிழங்கும் மட்டும் வாங்கிவந்தான். முட்டைக் குழம்பில் தோய்த்த களியை, முகத்தைச் சுளித்தபடி ஆயினும், மிச்சமின்றி விழுங்கினான். இரண்டாம் வாரம், சந்தையிற் கருவாட்டுக் கடைக்காரரிடம் பேரம் பேசி வென்ற பெருமிதத்தோடு நெத்திலிக் கருவாடு கொணர்ந்தான். கத்தரிக்காயும் மொச்சையும் சேர்த்துப் புளியூற்றி வைத்த அக்கருவாட்டுக் குழம்பு, களிக்கென்றே படைக்கப்பட்டது. சோற்றிற்கு அது அத்துணை இசையாது என்பது எம் துணிபு. அன்று அவன் இரண்டாம் உருண்டை கேட்டான். பாட்டியார் வெளியே முகம் காட்டாமல் அடுக்களைக்குள்ளே சென்று நகைத்தார்.

அன்னையாரின் வேலையைக் குறைத்த முறைகளில் ஒன்றை மட்டும் விரித்துரைக்க விரும்புகின்றோம். வேலைக்குச் செல்லும் தாயாரை உடைய அன்பர்க்குப் பயன்படும். கொள்ளு ஓர் ஆழாக்கு எடுத்து, வெறும் சட்டியில் மணம் வர வறுத்து, காலையில் நீரில் இட்டுவிட வேண்டும். மாலையில், வீட்டில் இருப்பவர் எவராயினும், அதனை நிறைய நீர்விட்டு வேகவைக்கலாம். வெந்த நீரை இறுத்து, புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டால் அன்றைய இரவுக்குச் சாறு ஆயிற்று. நின்ற கொள்ளைத் தனியே எடுத்துவைத்து, மறுநாள் சின்னவெங்காயமும் வரமிளகாயும் தாளித்து மத்தினாற் கடைந்தால் கடைசல் ஆயிற்று. அதிலும் மிஞ்சினால் தேங்காய்த் துருவலோடு அரைத்துத் துவையல் ஆக்கலாம். ஒருமுறை மூட்டிய அடுப்பு இரண்டு இரவுக்கு, சிலபோது மூன்று இரவுக்கு, வேறு வேறு சுவை தருகின்றது. துவரைக்கும் பச்சைப்பயற்றுக்கும் இம்முறையே பொருந்தும். கீரையோ இன்னும் எளிது. ஆய்வதுதான் நேரம் கொள்வது, அதைப் பாட்டியார் பகலில் திண்ணையில் அமர்ந்து செய்துவிடுவார். ஏழு மணிக்கு அன்னையார் வந்து கால் கழுவி அமரும்பொழுது, தாளிப்பது ஒன்றே அவருக்கென விடப்பட்டிருக்கும். அதனையும் விட்டுக்கொடுக்க அவர் இசையவில்லை. தாளிப்பில் எங்களை நம்புவதில்லை அவர்.

இவ்வழக்கம் எம் மாவட்டத்திற்கே உரியதன்று. எல்லைக்கு அப்பாற் கன்னடர் முத்தை என்பதும், இராயலசீமையிற் சங்கடி என்பதும் களியின் உடன்பிறப்புகளே. கடல் கடந்து கென்யா நாட்டிலும் அவ்வாறே. அங்கே மக்காச்சோள மாவினாற் கிண்டும் உகாலி என்னும் களி நாள்தோறும் உண்ணப்படுகின்றது. அதனொடு உண்ணும் கீரைக்கு அந்நாட்டார் இட்ட பெயர் ‘சுகுமா விக்கி’. சுவாகிலி மொழியில் ‘வாரத்தைத் தள்ளு’ என்பது அதன் பொருள். கையிற் பணம் குறைந்த நாள்களில் வாரத்தை இழுத்துக் கடத்த உதவும் கீரையாம். இப்பெயரைக் கேட்டதும் அன்னையார், “நம் முருங்கைக்கு அந்தப் பெயரை வைக்கலாம்” என்றார்.

உடல்நலம் கருதுவார்க்கு ஒரு செய்தி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், அரிசியில் 2 கிலோவுக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கிற்று. பாட்டியார் அதனை முகர்ந்து பார்த்து, “நம்ம மண்ணுதான்” என்று சான்றளித்தார். நகரத்து அங்காடிகளிற் கேழ்வரகுப் பிஸ்கோத்தும் கேழ்வரகுச் சேமியாவும் வந்துள்ளன. அவற்றை வெறுக்கின்றோம் அல்லோம். ஆனால் மன்னாவை இடித்தும் சுட்டும் பார்த்த முயற்சியே அதுவும் என்பது எம் கருத்து. ஒருநாள் யாமே ஆர்வத்தால் கேழ்வரகு தோசை சுட்டுப் பாட்டியார்க்குக் கொடுத்தபொழுது, ஒரு விள்ளல் உண்டு, “களியும் ஆகாமல் தோசையும் ஆகாமல் ஒன்று” என்று தட்டை நகர்த்திவிட்டார்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று கூறினால் அது பொய்யாகும். தந்தையார் களி நாள்களில் இன்னும் சோற்றுப்பானையையே முதலில் திறந்து பார்க்கின்றார். தம்பி கொள்ளை ஒப்புவதில்லை. ஆயினும் ஜூன் மாதத்தின் நடுவிலிருந்து எட்டு மணிக்கு ஐவரும் ஒருங்கே அமர்ந்தோம். ஆகாரத்திற்காக நன்றி செலுத்தும் ஜெபத்தை அன்னையார் அமர்ந்தபடியே செய்தார், அடுப்படியில் நின்றபடி அன்று. ஆடி மழைக்குப் பின்னர் வீட்டின் பின்புறத்தில் ஒரு வேலி நீளத்திற்கு அவரை ஊன்றிவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினோம். களித்துடுப்பு இப்பொழுது தந்தையார் கையில் இருக்கின்றது.

செவ்வாய்தோறும் இரவில் தம்பி அவ்வாரப் பட்டியலைத் தாளில் எழுதிப் படமெடுத்து எமது கைப்பேசிக்கு அனுப்புகின்றான். சென்ற வாரத்துத் தாளில் முருங்கைக்கீரை, முட்டை, நெத்திலி, பச்சைப்பயறு என்றிருந்தன. ஐந்தாவதாக எழுதிய கொள்ளு என்னும் சொல் மையினால் அடிக்கப்பட்டிருந்தது. அதன்கீழ், எழுத்துக்கூட்டி எழுதும் பாட்டியாரின் கோணல் எழுத்தில், மீண்டும் கொள்ளு என்றிருந்தது.